வாயருகே இரண்டு சின்னக் கைகள்

விலங்கியல் இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் இறாலைப் பிய்த்து ஒட்டச் சொல்வார்கள். தலையிலிருந்து வால்வரை அதற்கு இருக்கும் கைகால்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, கறுப்பு அட்டையில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் பெயர் எழுதவேண்டும். மொத்தம் பத்தொன்பது ஜோடி. தடவிப் பார்க்க, மெல்ல, இரையை வாய்க்குள் தள்ள, நடக்க, நீந்த, ஆபத்து வந்தால் பின்பக்கமாகப் பாய என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. வகுப்பில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தார்கள். நான் வாயருகே இருந்த ஒரு குட்டிக் காலைத் தொலைத்துவிட்டு, இரண்டாவது இறாலைப் பிய்த்தேன்.

ஆசிரியை போகிற போக்கில் ஒன்று சொன்னார். இந்தப் பத்தொன்பதும் ஒரே அச்சில் வார்த்தவை, எந்த இடத்தில் என்ன வேலையோ அதற்கேற்ப உருவம் மாறியிருக்கின்றன என்று. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று சாயங்காலம் டோல்கேட்டுக்கு முன்னால் கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்க, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி, மூக்கின் மேல் வியர்வை. துடைக்கக் கையில்லை. மனிதர்களுக்கு மட்டும் ஏன் இரண்டே கை, அதுவும் எல்லா வேலைக்கும் அதே கை என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் போன வருட ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தேன். இப்படித்தான் அது தொடங்கியது.

முதலில் வரைந்தவை எல்லாம் அபத்தம். தோளில் நண்டுக் கொடுக்கு, முதுகில் ஓடு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் எனக்கே அலுத்துவிட்டது. யாருடைய உடம்பு, என்ன வேலை செய்கிற உடம்பு என்று தெரியாமல் கை வைத்தால் அது வேஷம் போட்டதுபோல்தான் இருக்கும். அப்போதுதான் எனக்குச் சின்னம்மா நினைவுக்கு வந்தாள்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதிக்கு இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை. செய்முறைக்கு நான் கொண்டுபோன இறால்களும் அவள் கொடுத்தவைதான். காலை முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை விட்டுத் தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, நரம்பை இழுத்துப் போடவேண்டும். இறாலின் தலையில் இருக்கிற முள் குத்திக் குத்தி விரல் நுனிகள் வெளுத்து, சல்லடைபோல் இருக்கும்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பெண்கள் இருபது பேருக்கு மேல், தாழ்ந்த மணைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் மேலங்கியிலும் நெஞ்சுக்கு நேராக ஒரு டோக்கன் எண் தைத்திருந்தது. மேஸ்திரி எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அதனால் அவர்களும் ஒருவரையொருவர் எண்ணைச் சொல்லியே வம்பிழுத்துக்கொள்வார்கள். சின்னம்மா நாற்பத்தொன்று.

"இன்னாடி இது, பொம்பளைக்கு நண்டுக் காலு மாட்டிகினு கீற?" என்றாள் பக்கத்தில் இருந்த பத்தொன்பது. நோட்டைக் கையில் வாங்காமல், ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வேற உடம்பு குடுத்தா இன்னா மாரி வேணும்? அதான் வரையப் போறேன்."

"மெய்யாலுமா? எனக்கு முட்டிய மாத்திக் குடு முதல்ல."

கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி கேட்டாள். கடைசியில் நான் எழுதி மாளவில்லை. பத்தொன்பதுக்கு முட்டி வலி. உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. இடுப்பின் பின்னால் இரண்டு கால்கள் தரையில் ஊன்றிக்கொண்டால், எடை முட்டிக்குப் போகாது என்று வரைந்து காட்டினேன். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் குடியிருந்த இருபத்தாறு, மழைக்காலத்தில் தெருவில் போக நீந்துகிற கால் கேட்டாள். அதற்கு நீல நண்டின் கடைசிக் கால் ஜோடி இருக்கிறதே, துடுப்பு மாதிரி தட்டையாக! வரிசைக் கடைசியில், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த சின்னப் பெண் ரொம்ப யோசித்துவிட்டு, "சினை நண்டு முட்டைய வவுத்துக்கீய மடிச்சி வெச்சிகினு போவுதே, அந்த மாரி குடுப்பியா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"மேஸ்திரிக்கு இன்னா மாட்டுவ?" என்று யாரோ கத்தினார்கள்.

"அந்தாளுக்கு இருக்கற கையே ஜாஸ்தி!"

அதற்குத்தான் கொட்டகையே அதிர்ந்தது.

சின்னம்மா கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்து கடற்கரைச் சாலை ஓரமாக நடந்து வரும்போதுதான் சொன்னாள்.

"வாயண்ட ரெண்டு குட்டிக் கை வெச்சா நல்லாருக்கும்."

"இறாலுக்கு இருக்குமே, அந்த மாரியா?"

"ஆமா. எத்தினி சோப்பு போட்டாலும் இந்த நாத்தம் போவ மாட்டேங்குது. கையால சோத்தப் பெசஞ்சா வவுத்தக் கொமட்டுது. கல்யாண வூட்டுல போயி எல போட்டு ஒக்காந்தா, பக்கத்துல கீறவங்க நகந்து ஒக்கார்றாங்க. துன்றதுக்குன்னு தனியா ரெண்டு கை. வேலைக்கே போவாத கை. சுத்தமா."

நான் பதினான்கு வருடங்களாக அதே வீட்டில் அவளோடு சாப்பிட்டிருக்கிறேன். அவள் ஏன் எப்போதும் ஸ்பூனால் சாப்பிடுகிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டைல் என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்தப் படத்தைத்தான் நான் மிகவும் கவனமாக வரைந்தேன். தாடைக்குக் கீழே இரண்டு மெல்லிய கைகள், ஐந்து கணுக்கள், நுனியில் விரலுக்குப் பதில் மயிர் விளிம்பு. வேலை இல்லாதபோது கழுத்தோடு மடிந்துகொள்ளும். சின்னம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமை எனக்காக உட்கார்ந்தாள். இரண்டு நிபந்தனை போட்டாள்.

"மூஞ்சிய மாத்தாத. அது என் மூஞ்சியாவே இருக்கணும். இன்னொண்ணு, யாருக்கும் காட்டாத. நம்மளண்டயே இருக்கட்டும்."

சரி என்றேன். மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். யார் உடம்பு எது என்று குழம்பாமல் இருக்க, படங்களில் நெஞ்சுக்கு நேராக அவர்களுடைய டோக்கன் எண்ணையும் எழுதி வைத்தேன். பெயர் எழுதினால்தான் வம்பு, எண்ணில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கொட்டகையில் எண்தான் பெயர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாக்கு கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காட்டிவிட்டேன்.

அவன் பள்ளிக்கூட டியூஷனில் என்னோடு படித்தவன். மாத்தூரிலிருந்து வருவான். டோல்கேட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டே மல்டிமீடியா கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தான். நான் விலங்கியல் எடுத்ததிலிருந்து என்னை 'டாக்டரே' என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் ஏதோ அச்செடுக்கப் போனபோது, பையிலிருந்த நோட்டு வெளியே வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அது பொய். நான்தான் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். யாராவது பார்க்கவேண்டும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

அவன் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினான். பத்தொன்பதின் படத்தில் நிறுத்தி, "டாக்டரே, இந்தப் பின்னங்கால் எதுல மாட்டிகினு கீது? எலும்பு எங்க?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவனை நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழகாக இருக்கிறது என்பார்கள், அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். எதில் மாட்டியிருக்கிறது என்று கேட்டது அவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நாங்கள் இருவரும் வேறு எதுவுமே பேசவில்லை. நமக்குச் சதை வெளியே, எலும்பு உள்ளே. நண்டுக்கு ஓடு வெளியே, சதை உள்ளே. இரண்டையும் எங்கே சேர்ப்பது? இடுப்பெலும்பைச் சுற்றி ஒரு ஓட்டு வளையம் வைத்தோம். வளர்ந்தால் ஓட்டைக் கழற்ற வேண்டுமே என்றான். கழற்றியதும் புது ஓடு இறுகும்வரை உடம்பு பஞ்சுபோல் இருக்குமே என்றேன். இதைச் சின்னம்மாவிடம் கேட்டபோது, "ஓடு கழட்டுற அன்னிக்கு லீவு குடுப்பானா மேஸ்திரி?" என்றாள். அதை அவனிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். யார் சொன்னது என்று கேட்டான். அதையும் சொன்னேன். நாற்பத்தொன்று யார், ஸ்பூன் எதற்கு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் என் படங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்ட ஆரம்பித்தான். கதவுக் கீல்போல் ஒவ்வொரு கணுவும் சுழன்று மடங்குவதைத் திரையில் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சின்னம்மாவின் குட்டிக் கைகள் கழுத்திலிருந்து பிரிந்து, வாய்வரை போய், திரும்ப மடிந்தன. அத்தனை நாசூக்காக இருந்தது.

நகரத்தில் ஒரு அனிமேஷன் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. கைகால் என்னுடையது, மூட்டு அவனுடையது. அந்த உடம்புகள் நடக்கும், சமைக்கும், தண்ணீரில் போகும், அவ்வளவுதான் படம். சின்னம்மாவிடம் அதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கிடைத்துவிட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அவன் கேட்டபோது நோட்டை அப்படியே கொடுத்தேன்.

பிறகு எனக்குப் பரீட்சை வந்தது. மூன்று வாரம் நான் சென்டர் பக்கம் போகவில்லை. பரீட்சை முடிந்த மறுநாள் நேராகக் கொட்டகைக்குத்தான் போனேன். இருபத்தாறின் துடுப்புக் காலில் ஒரு சந்தேகம் இருந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஐஸ் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னம்மா குனிந்த தலை நிமிரவில்லை.

பத்தொன்பதுதான் வாயைத் திறந்தாள். "இன்னாம்மா, படிச்ச பொண்ணு. புச்சா எவளயாவது வரைய வந்துகிறியா?"

"இன்னாக்கா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? எம்புள்ள நேத்து டோல்கேட் கம்ப்யூட்டர் சென்டர்லேர்ந்து வூட்டுக்கு வந்து சொல்றான். 'அம்மா, உன்ன ஆறு வாட்டி சுட்டேன், நீ சாவவே இல்ல'ன்னு. குதிச்சிகினு சொல்றான்."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னேன். அதற்கு அவள் காறித் துப்பவில்லை, அவ்வளவுதான். சின்னம்மா கையைக் கழுவினாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பாதி வேலையில் எழுந்ததற்கு மேஸ்திரி ஏதோ கத்தினார்.

"வா. எங்க கீதுன்னு காட்டு," என்றாள் என்னிடம்.

பஸ்ஸில் அவள் முன்பக்கம் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். சென்டரில் அவன் இல்லை. வேலைக்குப் போய்விட்டான் என்று அங்கே புதிதாக உட்கார்ந்திருந்த பையன் சொன்னான். நான்கு கம்ப்யூட்டர்களில் பள்ளிச் சட்டையோடு பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நாப்பத்தொண்ணு வருது! சுட்றா! வாயில சுட்றா!"

திரையில் எங்கள் ஊர்க் கடற்கரைதான். அலை தடுக்கப் போட்ட கருங்கற்களுக்குப் பின்னாலிருந்து அவர்கள் ஏறி வந்தார்கள். பத்தொன்பது பின்னங்கால்களை ஊன்றித் தாவினாள். கைக்குழந்தைக்காரிக்கு வயிற்றில் குழந்தையைச் சுமக்க நான் வைத்த மடிப்பிலிருந்து குட்டி நண்டுகள் கொட்டின. சின்னம்மா வந்தாள். தாடைக்குக் கீழிருந்து அந்த இரண்டு கைகள் பிரிந்தன, அதே நாசூக்கு. கீழே விழுந்து கிடந்த ஒரு ஆளின் கழுத்துச் சதையைக் கிள்ளி வாய்க்குள் வைத்தன. நெஞ்சில் என் கையெழுத்தில் எண். முகத்தை அவன் மாற்றவில்லை.

சின்னம்மா நின்றபடியே பார்த்தாள். ஒரு பையன் திரும்பி, அவளைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தான். அவன் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துப் பையனை முழங்கையால் இடித்தான். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சின்னம்மா முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

அவனை மறுநாள் பிடித்தேன். சாயங்காலம் டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் இறங்கினான். கழுத்தில் கம்பெனி அட்டை. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினான், ஒன்றுமே நடக்காததுபோல்.

"டாக்டரே! நானே உன்னண்ட வரலாம்னு இருந்தேன்."

"எதுக்குடா? சுட்டுப் பாக்கவா?"

முகம் கொஞ்சம் சுருங்கியது. "பாத்துட்டியா? தோ பாரு, அந்த அனிமேஷன் கம்பெனில கேமும் பண்றாங்க. ஏதாவது எதிரி செஞ்சு காட்டுன்னாங்க. ரெண்டே நாள் டைம். கையில இன்னா கீதோ அத்தத்தான காட்ட முடியும்?"

"ரெண்டு பேரும் போறதா பேச்சு."

"உனுக்குப் பரீட்ச. கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

"என் பேரு சொன்னியா?"

கழுத்து அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டான். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சென்டர்ல ஏண்டா போட்ட?"

"பசங்க பாக்கட்டுமேன்னு... சும்மா, ஒரு ஜாலிக்கு. அவுங்க புள்ளைங்க வருவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அது என் சின்னம்மா மூஞ்சிடா. எதுக்கு அந்தக் கை கேட்டாங்கன்னு உனக்குச் சொன்னேன். சொன்னேன்ல?"

அப்போதுதான் அவன் என்னை நேராகப் பார்த்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"சொன்ன. அவங்களண்ட கேட்டுட்டா எனக்குச் சொன்ன?"

பஸ் வந்தது. அவன் போகவேண்டிய பஸ் இல்லை. இருந்தாலும் அதில் ஏறிக்கொண்டான்.

சென்டரில் இருந்ததை மட்டும் அவனே இரண்டு நாளில் அழித்துவிட்டான். கம்பெனியில் கொடுத்ததை அழிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினான். நோட்டும் வந்து சேர்ந்தது, பழைய செய்தித்தாளில் சுற்றி.

அதைச் சின்னம்மாவின் முன்னால் வைத்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவன் என்ன செய்தான், எப்படி ஏமாற்றினான் என்று வேகவேகமாகச் சொன்னேன். இடையில் அழுதேன். சின்னம்மா முழுவதும் கேட்டாள்.

"அவன் செஞ்சது கெடக்கட்டும். அவன எனக்குத் தெரியாது," என்றாள். "நீ ஏன் காட்டுன?"

"நல்லா வந்திருந்துச்சு சின்னம்மா. அதான். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் யாருக்கும் காட்டாதன்னேன்."

நோட்டிலிருந்து பக்கங்களை ஒவ்வொன்றாக, கிழியாமல், தையல் பக்கமாகப் பிரித்து எடுத்தாள். மறுநாள் கொட்டகைக்குக் கொண்டுபோய் அவரவரிடம் கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. பத்தொன்பது அங்கேயே நாலாகக் கிழித்து ஓடு கொட்டுகிற கூடையில் போட்டாளாம். கைக்குழந்தைக்காரி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாளாம். சின்னம்மா தன்னுடையதை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. காய் நறுக்கச் சொல்வாள், ரேஷன் கடைக்கு அனுப்புவாள், மதிப்பெண் கேட்பாள். இறால் மிஞ்சினால் எனக்குப் பிடித்த மாதிரி தொக்கு செய்வாள். ஆனால் அவளுக்கு உடம்பில் ஏதாவது என்றால், இடுப்புப் பிடிப்போ, விரல் நகக்கண்ணில் சீழோ, அம்மாவிடம்தான் சொல்வாள். உள் அறையில் தாழ்ந்த குரலில் பேச்சுக் கேட்கும். நான் கதவருகே வந்தால், "ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படி" என்று சொல்லிவிட்டு, நான் போகிறவரை இருவரும் காத்திருப்பார்கள்.